அண்ணன் வெச்ச பேரு

உக்காருங்க சிஸ்டர். அந்த ஸ்டூல் வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும், இந்தச் சேர்ல உக்காருங்க. தண்ணி குடிங்க மொதல்ல. எங்க பாப்பா பேரு தானே? சொல்றேன், சொல்றேன். ஆஸ்பத்திரியில முன்ன இருந்த சிஸ்டருக்கு எல்லாம் தெரியும், அவங்க மாத்தலாகிப் போனதுல நீங்க புதுசா வந்து மாட்டிக்கிட்டீங்க. ஆமா, பொறப்பு சர்டிபிகேட்ல பேரு இல்லாமதான் இருக்கு. ஒரு வருஷத்துக்குள்ள சேத்துடணும், விட்டா அபராதம், அலைச்சல், அதெல்லாம் எனக்குத் தெரியாதா? ஊருக்கே நான்தானே இந்தக் கடையில அப்ளிகேஷன் போட்டுக் குடுக்கறேன்.

வீட்டுப் பக்கம் அந்தத் திரைக்குப் பின்னால கேட்டீங்களா? அந்தப் பெரியவர்கிட்டயா? அவரு பேச மாட்டாரு. யாருன்னா... விடுங்க சிஸ்டர், அது ஒரு கதை.

ஒரு நிமிஷம். என்ன தம்பி, ஆதார் ஜெராக்ஸா? ரெண்டு பக்கமுமா, முன்பக்கம் மட்டுமா? ரெண்டுமா, குடு. சில்லறை இருந்தா குடு, இல்லாட்டி சாயந்திரம் குடு.

இந்த செல்லப் பாருங்க. 'மக்கள் தொண்டர் வேதகிரி பாசறை'. இந்த ஃபேஸ்புக் பக்கத்துக்கு நான்தான் அட்மின். ஜெராக்ஸ் ஓடறப்ப ஒரு பதிவு, ரீசார்ஜ் ஏறறப்ப ஒரு பதிவுன்னு போட்டுட்டே இருப்பேன். எங்க எம்.எல்.ஏ.வ உங்களுக்குத் தெரியாது, நீங்க வெளியூரு. ஆறு தடவ ஜெயிச்சவரு சிஸ்டர். நடுவுல ஒரே ஒரு தடவ தோத்தாரு, அதுவும் கூட இருந்தவங்க பாத்த வேலை. கட்சி ரெண்டு தடவ மாறுனாரு. மாறுனாருன்னு சொல்லக் கூடாது. 'தொகுதி நலன் கருதி இடம் பெயர்ந்தார்'னு நான் ஒரு பதிவு போட்டேன் பாருங்க, அண்ணனே பி.ஏ.வ விட்டுக் கூப்புட்டு நல்லாருக்குன்னு சொன்னாரு. அன்னைக்கு எனக்கு சோறே எறங்கல.

அண்ணனுக்கு எழுபது தாண்டிருச்சு. எங்க அப்பாவுக்கும் அவரு அண்ணன், எனக்கும் அண்ணன், நாளைக்கு பாப்பா பேச ஆரம்பிச்சா அதுக்கும் அண்ணன்தான்.

மந்திரிதான் ஆகல. ஒவ்வொரு தடவையும் மந்திரிசபை லிஸ்ட் வர்ற அன்னைக்கு நாங்க பட்டாசு வாங்கி வெச்சிக்கிட்டு டிவி முன்னால உக்காந்திருப்போம். லிஸ்ட்டு முடியும். ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்க மாட்டோம். பட்டாச எடுத்துப் பரண்ல வெச்சிட்டு தீபாவளிக்கு வெடிப்போம்.

ஆனா சட்டசபையில எழுந்தாருன்னா எல்லாருக்கும் தெரியும், பெருங்குழி ஓடைக்குப் பாலம் கேக்கப் போறாருன்னு. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போற வழியில ஒரு தரைப்பாலம் வருதில்ல, மழை பேஞ்சா தண்ணி மேல ஓடுமே, அதுதான். அண்ணன் கேப்பாரு. மந்திரி எழுந்து, நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்பாரு. அண்ணன் உக்காந்துடுவாரு. எந்த ஆட்சி வந்தாலும் சரி, அண்ணன் எந்தப் பக்கம் உக்காந்திருந்தாலும் சரி, அதே கேள்வி, அதே பதிலு. ஒரு மனுஷன் ஒரே பாலத்த இத்தன வருஷமா விடாமக் கேக்கறாருன்னா அது எவ்ளோ பெரிய விஷயம் பாருங்க.

என் பேரே அந்த ஓடையிலதான் கெடச்சுது.

சிரிக்காதீங்க சிஸ்டர், நெசமாத்தான். எங்க அப்பா மாசிலாமணி கட்சிக்காரரு. பதவியெல்லாம் கெடையாது, போஸ்டர் ஒட்டறவரு. மைதாவுல பசை காய்ச்சி, பூச்சி அரிக்காம இருக்கத் துத்தம் போட்டு, ஏணியத் தோள்ல மாட்டிக்கிட்டுப் போவாரு. அண்ணன் கட்சி மாறுனா அப்பாவும் மாறிடுவாரு, பசை மட்டும் அதே பசை. நான் பொறந்தப்ப, பையனுக்கு அண்ணன்தான் பேரு வெக்கணும்னுட்டாரு. எங்க பக்கம் அது வழக்கம்தான் சிஸ்டர். கல்யாணத்துல, கூட்டத்துல, கொழந்தையத் தூக்கிட்டுப் போய்த் தலைவர் கையில குடுத்தா ஒரு பேரு சொல்லுவாரு, தாய் தகப்பன் காதுல வாங்கிக்கிட்டு வருவாங்க.

அப்பா தூக்கிட்டுப் போனாரு. அண்ணன் மெட்ராஸ்ல இருந்தாரு. மறுபடி போனாரு. அண்ணன் ஒரு சாவுக்குப் போயிருந்தாரு. ஒரு தடவ வீட்ல இருந்தாரு, பாக்கலாம்னாரு. அப்படியே வருஷம் ஓடிப் போச்சு. வீட்ல என்னத் தம்பின்னுதான் கூப்புடுவாங்க. ஸ்கூல்ல சேக்கப் போனா, பேரு இல்லாம எப்படிய்யா சேக்கறதுன்னு ஹெட்மாஸ்டர் திட்டி அனுப்பிட்டாரு. அப்புறந்தான் அப்பாவுக்கு ஒரு யோசன வந்துச்சு. அண்ணன் கார் எங்க வேணா பறக்கும், பெருங்குழி ஓடையில மட்டும் ஊந்துதான் போகணும். மழைக்காலம். என்னத் தோள்ல வெச்சிக்கிட்டு மொழங்கால் தண்ணியில நின்னாரு.

எனக்கு அது நல்லா ஞாபகம் இருக்கு. காரு வந்துச்சு. முன்னால கொடி. அப்பா கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே கூட நடந்தாரு. கண்ணாடி எறங்குச்சு. உள்ளருந்து ஜில்லுனு ஒரு காத்து மூஞ்சில அடிச்சுது. வெற்றிவேந்தன், அப்படின்னு ஒரு சத்தம். கண்ணாடி ஏறிடுச்சு. அவ்ளோதான். அண்ணன் மூஞ்ச நான் பாக்கல. அந்த ஜில்லுக் காத்துதான் அண்ணன்னு ரொம்ப நாளைக்கு நெனச்சிட்டிருந்தேன்.

பாலம் மட்டும் கட்டியிருந்தா எனக்குப் பேரே கெடச்சிருக்காது, யோசிச்சுப் பாருங்க.

இருங்க, மெசேஜ் வருது. நம்ம பசங்கதான். ஒரு காதுகுத்து படம். லைக் போட்டுட்டேன். எங்க விட்டேன்?

ஆங், விழா. அந்த எழவெடுத்த விழா. அதச் சொன்னாத்தான் பாப்பா பேரு ஏன் லேட்டாச்சுன்னு உங்களுக்குப் புரியும். அண்ணன் பொதுவாழ்வுக்கு வந்து இத்தன வருஷம் ஆனதுக்குப் பாராட்டு விழா, கல்யாண மண்டபத்துல. இந்தத் தடவ சீட்டு கெடைக்குமா கெடைக்காதான்னு பேச்சு ஓடிட்டிருந்த நேரம். மேலிடத்துல இருந்து ஆளு வர்றாங்க, மக்கள் மத்தியில அண்ணனுக்கு இருக்கற செல்வாக்கக் காட்டணும், ஏதாவது புதுசா யோசின்னு பி.ஏ. சொன்னாரு. என்ன நம்பிச் சொன்னாரு. நான் ரெண்டு நாள் தூங்கல. அப்புறம் பதிவு போட்டேன்: 'அண்ணன் வேதகிரி அவர்களால் பெயர் சூட்டப்பட்ட செல்வங்களே, மேடைக்கு வாரீர்.' எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு, ஒவ்வொருத்தரும் மைக்ல பேரு சொல்லணும். கடைசியில எங்க பாப்பாவ அண்ணன் கையில குடுக்கணும், அண்ணன் அங்கயே பேரு வெப்பாரு. பழைய தலைமுறை, புதுத் தலைமுறை. எப்படி இருக்கு பாருங்க ஐடியா. என் ஒய்ஃப் ஷர்மிளா மட்டும், கொழந்தைக்கு நாமளே ஒரு பேரு வெச்சிட்டு அதையே அங்க சொல்லச் சொல்லலாமேன்னா. உனக்கு அரசியல் தெரியாது, சும்மா இருன்னுட்டேன்.

வந்தாங்க சிஸ்டர். மேடை நெறைய வந்தாங்க. எல்லாருக்கும் துண்டு போட்டு நிக்க வெச்சேன். நான்தான் தொகுப்பாளர். மொதல் ஆளுகிட்ட மைக்கக் குடுத்தேன். வெற்றிவேந்தன், மளிகைக் கடை, அப்படின்னாரு. நல்ல கைதட்டல். அடுத்தவரு, வெற்றிவேந்தன், லாரி ஓட்டறேன். எனக்குக் கொஞ்சம் பக்குன்னுச்சு. அடுத்தது ஒரு பொண்ணு, வெற்றிச்செல்வி. அப்பாடான்னு இருந்துச்சு. அப்புறம் வெற்றிவேந்தன், டிப்ளமோ. வெற்றிவேந்தன், வேலை தேடிட்டிருக்கேன். வெற்றிச்செல்வி. வெற்றிவேந்தன். பின்னால சேர்ல உக்காந்திருந்த பசங்க, மைக் அடுத்த ஆளுக்குப் போறதுக்கு முன்னாலயே வெற்றிவேந்தன்னு கோரஸாக் கத்த ஆரம்பிச்சிட்டானுங்க. ஒருத்தன் மட்டும் ராகேஷ்னான். அப்புறமா கெஜட்ல மாத்திக்கிட்டானாம். அவனுக்கு விழுந்த கைதட்டல் அன்னைக்கு அண்ணனுக்குக் கூட விழல.

அண்ணன் ஆண் கொழந்தைன்னா வெற்றிவேந்தன், பொண்ணுன்னா வெற்றிச்செல்வி, அத்தோட சரி. தோத்துட்டு வீட்ல இருந்த அஞ்சு வருஷமும் வெற்றிவேந்தன்தான். யோசிச்சுப் பாத்தா அதுவும் ஒரு நியாயந்தான். எந்தக் கட்சிக்குப் போனாலும் பொருந்தற பேரு.

நான் என்ன பண்ணுவேன்? மேடையில மைக்கப் புடிச்சிக்கிட்டு நிக்கறேன், வேர்த்துக் கொட்டுது. அண்ணன் சிரிச்ச மாதிரியே உக்காந்திருக்காரு, ஆனா கன்னம் மட்டும் துடிக்குது. மேலிடத்து ஆளுங்க குனிஞ்சு செல்லப் பாக்கறாங்க. உடனே பாப்பாவக் கொண்டு வந்து முடிச்சிடலாம்னு கீழ கையக் காட்டுனேன். ஷர்மிளாதான் தூக்கிட்டு வர்றதா இருந்துச்சு. அப்பா வாங்கிட்டு வந்துட்டாரு.

கட்சிக்கரை வேட்டிய இஸ்திரி போட்டுக் கட்டியிருந்தாரு. மேடை ஏறுனது அதுதான் மொதல் தடவ. மேடைக்குப் பின்னால பேனர் கட்ட ஏணியில ஏறியிருக்காரு, முன்பக்கமா ஏறுனதில்ல. நேரா வந்து எங்கிட்ட கைய நீட்டுனாரு. மைக்க ஏன் குடுத்தேன்னு இன்னைக்கி வரைக்கும் எனக்குத் தெரியல.

"சிரிக்காதீங்கய்யா," அப்படின்னாரு. "பேரு சும்மா கெடைக்கல."

அண்ணனக் காப்பாத்தறதா நெனச்சிட்டுதான் பேசுனாரு சிஸ்டர், அது எனக்குத் தெரியும். அந்த வருஷக் கணக்கெல்லாம் சொன்னாரு. அலைஞ்சது, அண்ணன் பாக்கலாம்னு சொன்னது, ஓடையில நின்னது. அண்ணன் எவ்ளோ பிசின்னு காட்டறதுக்காகச் சொல்றாரு. சனம் மொதல்ல சிரிச்சுது, அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு. அத்தோட விட்டிருக்கலாம். எங்க அம்மா கதைக்குப் போயிட்டாரு. கொழந்தைக்கு ஒரு பேரு வெச்சிக் கூப்புடறேன்யான்னு அம்மா கேட்டுக்கிட்டே இருந்துச்சாம். அண்ணன் வெக்கற வரைக்கும் யாரும் ஒரு பேரும் சொல்லக் கூடாதுன்னு அப்பா கண்டிஷனாச் சொல்லிட்டாராம். எனக்கு நாலு வயசு இருக்கறப்ப அம்மா போயிருச்சு. மஞ்சக்காமாலை. "புள்ளையப் பேரு சொல்லிக் கூப்புடாமயே போயிட்டா," அப்படின்னாரு மைக்ல. "நாங்க அப்படி இருந்தோம் அண்ணனுக்கு."

பெருமையாத்தான் சொன்னாரு. கொரலும் நடுங்கல.

பாப்பா அப்பா துண்டப் புடிச்சு இழுத்துட்டிருந்துச்சு. அண்ணன் எம்பக்கம் சாஞ்சு கேட்டாரு. அவரு சட்டையில ஒரு மைக் குத்தியிருந்தோம், அத மறந்துட்டாரு. மண்டபம் முழுக்கக் கேட்டுச்சு.

"யாருய்யா இந்த ஆளு?"

நான் என்ன சொல்ல முடியும்? நீங்களே சொல்லுங்க. நிகழ்ச்சி நடக்கணுமில்ல? அண்ணனுக்கு பிரஷர் இருக்கு, லைட்டு வேற கண்ணக் கூசுது, தெனமும் ஆயிரம் பேரப் பாக்கறவரு, எல்லா மூஞ்சியும் ஞாபகம் இருக்குமா? "நம்ம போஸ்டர் ஒட்டறவருண்ணே," அப்படின்னேன். அதுல பொய் என்ன இருக்கு? போஸ்டர்தானே ஒட்டறாரு? "எறக்கு," அப்படின்னாரு. அவரு சொல்லிட்டாரு, நான் எறக்கணும். பாப்பாவ ஒரு கையில வாங்கிக்கிட்டேன், இன்னொரு கையால அவரு முழங்கையப் புடிச்சு, வாங்க பெரியவரே, வாங்கன்னு... அது மேடைப் பழக்கம் சிஸ்டர், வயசானவங்க யாரா இருந்தாலும் பெரியவரேன்னுதான் சொல்லுவோம்.

அவரு மைக்கத் துண்டால தொடச்சிக் குடுத்துட்டு எறங்கிப் போயிட்டாரு.

வீடியோ வெளிய போயிடுச்சு. எவனோ எதிர் குரூப்புக்காரன் எடுத்தான். வெற்றிவேந்தன் வெற்றிவேந்தன்னு பாட்டு போட்டு ஓட விட்டானுங்க. நம்ம பக்கத்துல வந்து விழுந்த கமெண்ட்ட எல்லாம் ஒவ்வொண்ணா அழிச்சேன். டீக்கடைக்குப் போனா, எந்த வெற்றிவேந்தன்ப்பான்னு கேக்கறானுங்க. எனக்கு வெளிய தலை காட்ட முடியல. அண்ணனுக்கு என்னால இப்படி ஒரு அவமானம் வந்துருச்சேன்னு நெனச்சா மனசு ஆறல. இத்தன வருஷம் பொதுவாழ்வுல இருந்தவர ஒரு சாயந்திரத்துல ஊரே சிரிக்கற மாதிரி பண்ணிட்டோமே. கடைசியில சீட்டும் அவருக்குக் கெடைக்கல, தம்பி மகனுக்குக் குடுத்துட்டாங்க. அதுக்கு விழா காரணமில்ல, உள்ள வேற கணக்குன்னு பி.ஏ. சொன்னாரு. இருந்தாலும்.

எல்லாம் எங்க அப்பாவாலதான்னு ரொம்ப நாள் கோவமா இருந்தேன் சிஸ்டர். பேசாம பாப்பாவக் குடுத்துட்டு நின்னிருந்தா அன்னைக்கே பேரு வெச்சி முடிஞ்சிருக்கும். நீங்களும் இன்னைக்கி வெயில்ல வந்திருக்க வேணாம்.

என்ன கேக்கறீங்க? சத்தமாக் கேளுங்க, ஜெராக்ஸ் மெஷின் சத்தத்துல...

அப்பான்னு ஏன் சொல்லலன்னா?

ஊருக்கே தெரியுமே சிஸ்டர். கீழ உக்காந்திருந்த அத்தன பேருக்கும் தெரியும். அண்ணன் ஒருத்தருக்குத்தான் தெரியாது. அந்த எடத்துல அதச் சொன்னா, இவரு என் அப்பா, இத்தன வருஷமா உங்களுக்குப் பசை காய்ச்சறவரு, உங்களுக்கு இவரத் தெரியலையேன்னு அண்ணனையே குத்திக் காட்டுன மாதிரி ஆயிடாதா? நான் அண்ணனப் பாத்தேன். அப்பாவ... அப்பா எங்க போயிடப் போறாரு, வீட்டுக்குத்தானே வருவாருன்னு நெனச்சேன்.

வந்தாரு. வந்து திரைக்குப் பின்னால உக்காந்தவருதான். ஏணிய யாருக்கோ குடுத்துட்டாரு. இப்ப வெள்ள வேட்டிதான் கட்டறாரு, கரையில்லாதது. ஷர்மிளா சோறு போட்டா சாப்புடறாரு, அவகிட்ட ரெண்டு வார்த்த பேசறாரு. எங்கிட்ட இல்ல. திட்டுனாக் கூடப் பரவால்ல. சுவிட்சப் போடட்டுமா, தண்ணி வேணுமான்னு நான் கேட்டா, மண்டபத்துல யாரோ தொண்டன் கேட்ட மாதிரி, "வேணாங்க," அப்படிங்கறாரு. ங்க போட்டுப் பேசறாரு சிஸ்டர் எங்கிட்ட.

தம்பி, பிரிண்ட்டுக்கு அப்புறம் வா. மெஷின் சூடாயிடுச்சு. சாயந்திரம் வா, போ.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பாப்பாவுக்குப் பேரு வந்துடுச்சு. போன மாசமே வந்துடுச்சு. பி.ஏ.கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன், ஒரு நாள் வாட்ஸப்ல அனுப்புனாரு. இதோ, பாருங்க. வெற்றிச்செல்வி. கீழ ரெண்டு கும்பிடற கை. அண்ணன் சொன்னாரா, இவரே போட்டாரான்னு நான் கேக்கல.

அன்னைக்கே உங்க ஆஸ்பத்திரிக்கு வந்து எழுதிக் குடுத்திருக்கலாம். வண்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்பவும் கெளம்புனேன். ஓடை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். சரி, மொதல்ல பாப்பாவக் கூப்புட்டுப் பாப்போம், பழகட்டும்னு, பக்கத்துல உக்காந்து வெற்றிச்செல்வி வெற்றிச்செல்வின்னு கூப்புட்டேன். அது பாட்டுக்கு ஒரு ஸ்பூன வெச்சி தரையத் தட்டிட்டிருந்துச்சு. சரி, சின்னதுதானேன்னு கடைக்கு வந்துட்டேன். அப்ப உள்ளருந்து அவரு கொரல் கேட்டுச்சு. மெதுவா, வெளிய கேக்கக் கூடாதுங்கற மாதிரி, ஏதோ ஒண்ணு சொல்லிக் கூப்புட்டாரு. திரை இடுக்குல பாத்தேன். பாப்பா ஸ்பூனப் போட்டுட்டுத் திரும்பி, சிரிச்சிக்கிட்டு, முட்டி போட்டு அவருகிட்டப் போவுது.

ஏற்கெனவே ஒரு பேரு இருக்கு சிஸ்டர் அதுக்கு. எத்தன நாளா இருக்கோ தெரியல. ஷர்மிளாவுக்குத் தெரியும், சொல்ல மாட்டேங்கறா, அவரக் கேளுங்கங்கறா. என்ன பேருன்னு என் காதுல சரியா விழல. திரைய வெலக்கிட்டு நான் உள்ள போனா நிறுத்திடறாரு. பாப்பாவும் என்ன ஒரு மாதிரி பாக்குது. எங்க அம்மா வெக்கணும்னு கேட்ட பேரா இருக்குமோன்னு கூடத் தோணுது. எனக்குன்னு அம்மா ஒரு பேரு நெனச்சி வெச்சிருந்திருக்கும்ல? வாயில வெச்சிக்கிட்டே போயிருக்கும்ல? பொம்பளப் புள்ளைக்குப் பொருந்துமா பொருந்தாதா, அதெல்லாம் யாரு கண்டா.

நான் போய்க் கேக்க முடியாது. எப்படிக் கேப்பேன்? பெரியவரே, கொழந்தைக்கு என்ன பேருன்னா?

நீங்க ஒரு உதவி பண்ணுங்க. உங்க சீட்டு, பேனா எல்லாம் எடுத்துக்கிட்டு உள்ள போங்க. கவர்மெண்ட்டுல இருந்து கேக்கறோம்னு கேளுங்க. நான் அனுப்புனேன்னு சொல்லாதீங்க. வாட்ஸப்ல வந்ததையும் சொல்லாதீங்க, அத நான் அழிச்சிடறேன். இல்ல, அப்புறம் அழிக்கறேன். அவரு வாயில என்ன பேரு வருதோ அதையே எழுதிக்குங்க. ஒத்த எழுத்து மாத்த வேணாம். எழுதுனதுக்கு அப்புறம் கொஞ்சம் சத்தமா ஒரு தடவ படிங்க, சரிதானான்னு கேக்கற மாதிரி. நான் இங்கருந்து கேட்டுக்கறேன். மெஷின நிறுத்திடறேன்.

தகவல் சொன்னவரு யாருன்னு உங்க சீட்டுல ஒரு கட்டம் இருக்கும்ல. வந்ததும் கேட்டீங்களே, உள்ள இருக்கற பெரியவரு யாருன்னு.

எங்க அப்பா சிஸ்டர். எழுதிக்குங்க. அவரு எங்க அப்பா.